பக்கத்து ஆசனத்தின் விலை

இராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரையோரமாக வடக்கே தொண்டியில் தொடங்கி, தேவிப்பட்டினம், பனைக்குளம், மண்டபம், பாம்பன் என்று வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பிப் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று போகிறவர்கள், கடல் கடந்து பிழைக்கப் போன ஒருவரும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. துபாயிலும் சார்ஜாவிலும் கணக்கெழுதுகிறவர்களும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடை வைத்திருக்கிறவர்களும், இலங்கையில் உறவும் தொழிலும் உள்ளவர்களுமாக வாழும் இந்த ஜனங்களுக்கு ஆகாய விமானம் உல்லாசப் பிரயாணிகளின் வாகனம் அன்று. குடும்பத்தின் ஒரு பாதியை மறு பாதியோடு வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையோ சேர்த்து வைக்கிற சாதனம் அது. ஆகையால்தான், அந்த விமானத்தில் ஏறுகிற தாயும் பிள்ளையும் அடுத்தடுத்து உட்காருவதற்குத் தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று கேட்கிற வழக்கத்தைப் பற்றி இந்தக் கரையைச் சேர்ந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஜில்லாவில் பொதுஜனங்கள் ஏறிப் போகக்கூடிய விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் உள்ள ஓடுதளம் கடற்படைக்குச் சொந்தமானது, ஐ.என்.எஸ். பருந்து என்பது அதன் பெயர். இராமேஸ்வரத்தில் ஒரு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச்சில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டமன்றத்தில் அறிவித்தார். அது எழும்பி விமானம் இறங்குகிற வரையில், இராமேஸ்வரத்துக்காரர்கள் மதுரைக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு என்றால் தூரம் இன்னும் அதிகம். நடுநிசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டிகளை வண்டியின் மேலே கட்டிக்கொண்டு புறப்படுகிற ஒரு குடும்பம், விடிகிற வேளையில் விமான நிலையத்துக் கவுண்டரை அடைகிறபோது ஏற்கெனவே களைத்துப் போயிருக்கிறது. ஆளுக்கொரு மூலையில் இடம் போட்டிருக்கிறது என்ற செய்தியைக் கேட்பதற்கு அதைவிடத் தகாத வேளை வேறில்லை.

இந்த ஏற்பாடு எப்படி நடைபெறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிற சமயத்திலோ, பிரயாணத்துக்கு முன்னால் வெப் செக்-இன் செய்கிற சமயத்திலோ, விமானத்தின் உட்புறத்தைப் படமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். நடுவில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் மும்மூன்று ஆசனங்கள், ஏறக்குறைய முப்பது வரிசைகள். ஜன்னலோரத்துக்கு ஒரு விலை, நடைபாதையோரத்துக்கு ஒரு விலை, கால் நீட்ட இடமுள்ள முன்வரிசைக்கும் அவசர வாசல் வரிசைக்கும் அதைவிட உயர்ந்த விலை; விலையில்லாமல் கிடைப்பவை பெரும்பாலும் பின்பக்கத்தில் சிதறிக் கிடக்கும் நடு ஆசனங்கள். தனியாகப் போகிறவனுக்கு அந்த நடு ஆசனம் போதும். சற்று நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு, ஒரு வரிசைக்கு இரண்டே நடு ஆசனங்கள், அதுவும் நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்கிறபடியால், விலையில்லாத இடங்களை மட்டும் கொண்டு அடுத்தடுத்து உட்காருவது என்பது கணித ரீதியாகவே அசாத்தியமாகிவிடுகிறது. தலைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நால்வருக்குப் போக வர 3,200 ரூபாய் ஆகிறது. டிக்கெட்டின் விலையை மட்டும் பார்த்து, கையிலிருந்ததை எண்ணிக் கணக்குப் போட்டவர்களுக்கு இது சிறிய தொகை அன்று.

டிக்கெட்டுக்குள் அடங்கியிருந்த சேவைகளில் சிலவற்றைத் தனியே பிரித்து விலை வைப்பதற்கு, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2013-ஆம் ஆண்டில் விமானக் கம்பெனிகளுக்கு அநுமதி கொடுத்தது. விரும்பிய ஆசனம், சாப்பாடு, பெட்டி, வாத்தியக் கருவிகளை எடுத்துச் செல்வது ஆகியவை அந்த ஜாபிதாவில் இடம்பெற்றன. வேண்டுகிறவன் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளட்டும், வேண்டாதவன் குறைந்த கட்டணத்தில் பிரயாணம் செய்யட்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பெட்டியே இல்லாமல் சென்னைக்குப் போய் அன்றைக்கே திரும்புகிற ஒரு வியாபாரி, முப்பது கிலோ சாமான் கொண்டுபோகிற மற்றொருவரின் செலவை ஏன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால் அதற்கு எதிர்வாதம் சொல்வது கஷ்டம். ஆயினும், அந்த ஜாபிதாவில் 'விரும்பிய ஆசனம்' என்ற ஒரே தலைப்பின் கீழ், ஜன்னல் வழியே மேகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும், ஐந்து வயதுப் பிள்ளை தாயின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்ற தேவையும் ஒன்றாக்கப்பட்டுவிட்டன. பின்னால் வந்த சங்கடங்கள் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

2018 நவம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி, வெப் செக்-இன் செய்கிறவர்கள் எந்த ஆசனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டணம் உண்டு என்று அறிவித்தபோது ஜனங்களிடையே பெரிய கூக்குரல் எழுந்தது. இது நியாயமா என்று பரிசீலிப்பதாக மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகமும் சொல்ல நேர்ந்தது. விமான நிலையத்துக் கவுண்டரில் கட்டணமின்றி ஆசனம் பெறலாம் என்று விளக்கம் வந்தது. இந்த விளக்கம் பட்டணத்துப் பிரயாணிக்குத் திருப்தி அளித்திருக்கலாம். கவுண்டரில் கிடைப்பது மிச்சமிருக்கிற இடமே என்பதையும், மிச்சமிருக்கிற இடம் சிதறியே இருக்கும் என்பதையும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஒரு விமானத்தில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். என் பக்கத்து ஆசனத்தில், எழுபது வயதைத் தாண்டியவராகத் தோன்றிய கீழக்கரைப் பக்கத்து மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். போர்டிங் பாஸை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, அதை யாரேனும் கேட்டு வாங்கிவிடுவார்களோ என்பதுபோல் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். சபுர், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போன மகனைப் பார்க்கப் போகிறார். விமானம் ஏறுவது அதுவே முதல் தடவை. மருமகள், ஐந்து வயதுப் பேரனோடு முன்பக்கத்தில் எங்கேயோ இருந்தாள். பதின்மூன்று வயதுப் பேத்தி எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வரிசை பின்னால், அறிமுகமில்லாத இரண்டு ஆண்களுக்கு நடுவில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். விமானம் நிறைந்துகொண்டிருந்த நேரத்தில் மருமகள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு நடைபாதையில் வந்து, "மாமி, பயப்படாதீங்க, நான் முன்னாடிதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பேத்தி இருந்த வரிசைக்குப் போய், ஜன்னலோரத்தில் இருந்தவரிடம் இடம் மாறிக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர், "நான் பணம் கட்டி எடுத்த சீட்டும்மா" என்று மரியாதையாகவே சொன்னார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. விற்றார்கள், அவர் வாங்கினார். கதவை மூடுகிற நேரம் நெருங்கியதால் எல்லோரும் உட்கார வேண்டும் என்று பணிப்பெண் சொல்ல, அவள் திரும்பி வருகையில் என்னைப் பார்த்து, "அண்ணே, மாமிக்குச் சுகர் இருக்கு, மாத்திரை என் பையில இருக்கு, கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள்.

நான் எழுந்து பேத்தியை என் இடத்துக்கு வரச் சொல்லிவிட்டு, அவளுடைய நடு ஆசனத்துக்குப் போனேன். அந்த மூதாட்டிக்கு எந்த நேரத்தில் எந்த மாத்திரை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பெல்ட்டை மாட்டவும் கழற்றவும் சொல்லிக் கொடுத்தவளும், ஹிந்தியில் பேசிய பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தவளும், கழிவறைக்கு அழைத்துப் போய்க் கதவு எப்படித் திறக்கும் என்று காட்டியவளும் அவளேதான். இதையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம், அந்தக் குடும்பம் ஏதோ விசேஷச் சலுகை கேட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதே. விமானக் கம்பெனியின் சிப்பந்திகள் செய்ய வேண்டிய உபசாரத்தில் பாதியை, கூடவே வந்த ஒரு பெண்பிள்ளை சம்பளமில்லாமல் செய்தாள். அதைச் செய்வதற்கு அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கேட்கப்பட்டது.

மேலும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கம்பெனி பிரித்து உட்கார வைத்த குடும்பத்தைச் சேர்த்து வைக்கிற பொறுப்பு, கடைசியில் யார் தலையில் விழுகிறது? சக பிரயாணியின் தலையில். இடம் கொடுத்தால் அவன் பணம் கட்டி வாங்கிய வசதியை இழக்கிறான். கொடுக்காவிட்டால் தாட்சண்யமற்றவன் என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். கேட்கிறவளுக்கோ, பத்துப் பேருக்கு முன்னால் யாசிப்பது போன்ற அவமானம். இரண்டு பேருமே பணம் கொடுத்து வந்தவர்கள். இரண்டு பேரையும் இந்தச் சங்கடத்தில் நிறுத்தியது அவர்கள் ஏறுவதற்கு முன்பே இயந்திரத்தில் நடந்து முடிந்த ஒரு பங்கீடு.

கடல் கடந்து போவது எங்களுக்குப் புதிதன்று. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரையில் ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலிலும், மறுபடியும் ரயிலில் கொழும்பு வரையிலும் போக முடிந்தது. போட் மெயில் என்று அதைச் சொன்னார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின், இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. கிழக்கே போகிறவர்கள் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ரஜுலா என்ற கப்பலில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த வழியில் ஓடியது. டெக் பிரயாணிகள் எனப்பட்ட ஏழை ஜனங்களுக்கு அதில் அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாயை விரித்த இடம்தான் இடம். வெயிலும் உப்புக்காற்றும் வாந்தியுமாக நாட்கணக்கில் கிடந்த அந்தப் பிரயாணத்தை நான் பொற்காலமாக வர்ணிக்க மாட்டேன். அதில் பட்ட கஷ்டத்தை முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாய் குடும்பத்துக்கு ஒன்றாக விரிக்கப்பட்டது. புருஷனும் மனைவியும் பிள்ளைகளும் கிழவியும் அந்த ஒரு பாயின் எல்லைக்குள் ஒருவரையொருவர் கண்டுகொண்டு கிடந்தார்கள். மிகத் தாழ்ந்த டிக்கெட்டில்கூட அவ்வளவு அடங்கியிருந்தது.

இதே கரையில் குடும்பங்கள் பிரிந்த சரித்திரமும் உண்டு. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலைத்தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வதென்று தலை எண்ணிப் பிரித்தது. ஒரே குடும்பத்தில் சிலர் அங்கும் சிலர் இங்குமாக ஆனார்கள். தலைமன்னாரிலிருந்து வந்த கப்பலில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர்களின் கண்ணீரைக் கண்ட ஊர் இது. நான்கு மணி நேர விமானப் பிரயாணத்தில் பத்து வரிசை தள்ளி உட்காருவதை அந்தப் பிரிவோடு ஒப்பிடுவது பாவம், நான் ஒப்பிடவில்லை. ஆனால் பிரிந்து வாழ்ந்து பழகிப்போன ஜனங்கள் கூடப் போகிற சில மணி நேரத்தை எவ்வளவு அருமையாக எண்ணுகிறார்கள் என்பதை அந்தச் சரித்திரத்தை அறியாதவர்களால் சரியாக உணர முடியாது என்று மட்டும் சொல்வேன்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே டிக்கெட் பதிவு எண்ணில், பிரயாணம் செய்யும் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு, அவர்களுடைய பெற்றோரில் ஒருவரோடாவது அல்லது காப்பாளரோடாவது இடம் ஒதுக்க வேண்டும் என்றும், அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆசனத்துக்குக் கட்டணம் வாங்குவதை அது தடை செய்யவில்லை. ஆனால் அந்தக் கட்டணச் சேவை பிரயாணி தானாக விரும்பி ஏற்பதாக இருக்க வேண்டுமே ஒழிய, கட்டாயமாக இருக்கக் கூடாது என்கிறது. ஆசனத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டவர்களுக்குப் புறப்படுமுன் தானாகவே இடம் ஒதுக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. இது நல்ல உத்தரவு. இதைப் பிறப்பித்தவர்களுக்கு நன்றி சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். நான் கண்ட அந்தக் குடும்பத்திலும், ஐந்து வயதுப் பிள்ளை தாயோடு இருந்தது.

ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் எங்கே இருந்தாள் என்பதை யோசியுங்கள். பன்னிரண்டு நிறைந்த மறுநாளே ஒரு பெண்குழந்தை, அந்நிய ஆடவர் இருவருக்கு நடுவில் நான்கு மணி நேரம் தனியே உட்காரத் தகுந்தவளாகிவிடுகிறாள் என்று எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? என்னைக் கேட்டால், பெற்றோர் துணை மிக அவசியமாவது அந்த வயதில்தான். அடுத்தபடியாக, முதியவர்களைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு சொல்லும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத, ஹிந்தியோ இங்கிலீஷோ அறியாத, நோயும் மறதியும் கொண்ட ஒரு தாய்க்கு மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்க வேண்டியது, குழந்தைக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டியதைவிட எந்த விதத்தில் குறைந்தது?

மூன்றாவது சங்கதி 'ஒரே பி.என்.ஆர்.' என்ற நிபந்தனை. சட்டம் எழுதியவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றியிருக்கும். எங்கள் பக்கத்தில் நடக்கிற விதம் வேறு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் புருஷன் துபாயிலிருந்தபடியே தன் கார்டில் டிக்கெட் போடுகிறான். பெற்றவளுக்கு மட்டும் விசா தாமதமாக வந்தபடியால், ஊரிலுள்ள டிராவல்ஸ் கடையில் பத்து நாள் கழித்து வேறொரு டிக்கெட் எடுக்கிறார்கள். விமானம் ஒன்று, குடும்பம் ஒன்று, பி.என்.ஆர். இரண்டு. இயந்திரத்துக்கு அவர்கள் சம்பந்தமில்லாத இரண்டு கூட்டம்.

மற்ற தேசங்களில் இதைவிட நுட்பமாக யோசித்திருக்கிறார்கள். கானடாவில் 2019 டிசம்பர் 15 முதல் அமலில் இருக்கும் விதி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பெற்றோருக்கு அடுத்த ஆசனத்திலும், ஐந்து முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளை அதே வரிசையில் ஓர் ஆசனத்துக்கு மேல் தள்ளாமலும், பன்னிரண்டு பதின்மூன்று வயதினர் ஒரு வரிசைக்கு மேல் தள்ளாமலும் இருக்க வேண்டும் என்றும், இதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்றும் சொல்கிறது. பதின்மூன்று வயதை மறக்காத அந்த விதியைப் படித்தபோது, அதை எழுதியவர் பிள்ளை வளர்த்தவராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அமெரிக்காவில் 13 வயது வரையிலான பிள்ளைகள் கட்டணமின்றிப் பெற்றோருக்குப் பக்கத்தில் அமர வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் போக்குவரத்து இலாகா ஒரு விதியை முன்மொழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டுச் செனட்டின் விசாரணை உபகமிட்டி வெளியிட்ட அறிக்கை, ஐந்தே கம்பெனிகள் 2018 முதல் 2023 வரையில் ஆசனக் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் ஈட்டியதாகக் கணக்குக் காட்டிற்று. பிரிட்டனில் விமானப் போக்குவரத்து அதிகார சபை 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அங்குள்ள பிரயாணிகள் சேர்ந்து உட்காருவதற்கென்று வருஷந்தோறும் செலுத்தும் தொகை 16 கோடி முதல் 39 கோடி பவுண்டு வரையில் இருந்தது.

அதற்கு முந்தின வருஷம் பி.பி.சி. நிறுவனத்தார் செய்த ஒரு சோதனையும் குறிப்பிடத்தக்கது. ஓர் ஐரோப்பிய விமானக் கம்பெனியின் நான்கு விமானங்களில், ஆசனத்துக்குப் பணம் கட்டாத நால்வரை அனுப்பிப் பார்த்தார்கள். அத்தனை தடவையும் எல்லோருக்கும் நடு ஆசனமே கிடைத்தது. தற்செயலாக அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 54 கோடியில் ஒன்று என்று ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த புள்ளியியல் நிபுணர் ஜெனிபர் ரோஜர்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். ஜன்னலோரமும் நடைபாதையோரமும் பணம் கட்டுகிறவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருப்பதால்தான் நடு ஆசனங்கள் மிஞ்சுகின்றன என்று கம்பெனியார் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், விற்பதற்கென்று சேர்ந்த இடங்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிதறிய இடங்களை இலவசமாகத் தருகிறார்கள் என்பது அவர்கள் வாயாலேயே தெளிவாகிறது. குடும்பம் பிரிக்கப்படலாம் என்ற பயம் இல்லாவிட்டால், இந்தச் சரக்குக்கு வாங்குவோர் பாதியாகக் குறைந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு விமானத்திலும் புறப்படுமுன் பணிப்பெண் நடைபாதையில் நின்று, பிராணவாயு முகமூடி கீழே விழுந்தால் முதலில் நீங்கள் அணிந்துகொண்டு, பிறகு உங்கள் குழந்தைக்கு அணிவியுங்கள் என்று அபிநயம் பிடித்துக் காட்டுகிறாள். அந்த வாக்கியம், குழந்தை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்ற அநுமானத்தின் மேல் நிற்கிறது. பாதி வாசல்கள் அடைபட்டிருந்தாலும் 90 விநாடிகளுக்குள் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று நிரூபித்துக் காட்டினால்தான் பெரிய பிரயாணி விமானம் ஒன்றுக்குத் தகுதிச் சான்று கிடைக்கிறது. புகை சூழ்ந்த ஒரு விமானத்தில், ஒன்பதாம் வரிசையிலிருக்கும் தாய், இருபதாம் வரிசையிலிருக்கும் மகளை விட்டுவிட்டு முன்வாசல் வழியே இறங்கி ஓடுவாள் என்று யாரேனும் நம்புகிறார்களா? அவள் எதிர்த்திசையில் திரும்பி நடப்பாள். அவளுக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்பார்கள். ஆகவே குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைப்பது, அந்தக் குடும்பத்தின் சௌகரியத்தோடு முடிகிற விஷயம் அன்று. பாதுகாப்புக்கு இன்றியமையாத ஒன்றை விலைப்பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது என் வாதம். சாப்பாட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு இலைக்குத் தனியே காசு கேட்கிற உணவு விடுதி நம் ஊரில் ஒரு நாள்கூட நடக்காது.

கட்டணத்தைக் குறைவாக வைத்தால்தான் ஏழைகளும் பறக்க முடியும், இப்படிப்பட்ட சில்லறை வரும்படி இல்லாவிட்டால் டிக்கெட் விலை ஏறும் என்று கம்பெனிகளின் சார்பில் சொல்கிறவர்கள் உண்டு. ஏறட்டும், எல்லோருக்கும் சில ரூபாய் ஏறட்டும். ஜன்னலுக்கும், கால் நீட்டுகிற வரிசைக்கும், முதலில் இறங்குகிற வசதிக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் விலை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. குழந்தையையும் கிழவியையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம் மட்டும் அந்தப் பணத்தை வசூலிப்பது, சுமை அதிகமாக உள்ளவன் தோளிலேயே மேலும் சுமையை ஏற்றுவதாகும்.

நம்முடைய ரயில்வேயைப் பாருங்கள். ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் வரையில் பதிவு செய்யலாம். கீழ்ப் படுக்கை வேண்டும் என்று குறிப்பதற்கு ஒரு காசு கூடுதலாகக் கேட்பதில்லை. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும், 45 வயது நிறைந்த பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப் படுக்கை கிடைக்கத் தனி ஒதுக்கீடே வைத்திருக்கிறார்கள். கேட்டது எப்போதும் கிடைத்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். பண்டிகைக் காலத்தில் ஆளுக்கொரு பெட்டியில் போன குடும்பங்கள் உண்டு. ஆயினும், வயதையும் நிலையையும் பார்த்து முதலில் இடத்தை ஒதுக்கு, மிச்சத்தைப் பிறகு பங்கிடு என்ற தர்மத்தை அங்குள்ள கம்ப்யூட்டருக்கு எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஆகாயத்தில் பறக்கிற கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்கு அது புரியாது என்று நான் நம்பவில்லை. டிக்கெட் எடுக்கும்போதே பெயரும் வயதும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். யார் குழந்தை, யார் கிழவர் என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

ஆகையால் இயக்குநரகத்தார் அந்த 2024 உத்தரவைத் திருத்தி, வயது வரம்பைக் குறைந்தபட்சம் பதினைந்துக்கு உயர்த்த வேண்டும், எழுபது வயதைக் கடந்தவர்களையும், துணையின்றிப் போக முடியாத நோயாளிகளையும் அதில் சேர்க்க வேண்டும், இரண்டு பி.என்.ஆரில் வருகிற ஒரே குடும்பத்தை ஒன்றாக இணைத்துக்கொள்ளக் கட்டணமில்லாத வழி ஒன்றை ஏற்படுத்த வேண்டும். இராமேஸ்வரம் விமான நிலையம் கட்டி முடிவதற்குள் இது நடந்துவிட்டால், இந்தக் கரையில் முதன்முதலாக விமானம் ஏறுகிற தாய்மார்கள் நடைபாதையில் நின்று யாரிடமும் கெஞ்ச வேண்டியிராது.

அதுவரையில் நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. கீழக்கரையிலும் இராமநாதபுரத்திலும் டிராவல்ஸ் நடத்துகிற சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடும்பமாகப் போகிறவர்களுக்கு எவ்வளவு பாடுபட்டாலும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் போடுங்கள்; இயலாதபோது இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்து, கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் வயதைச் சரியாகப் பதியுங்கள். பிரயாணம் செய்கிறவர்கள், ஆசனப் படம் திரையில் வந்தவுடன் பணம் கட்டித்தான் தீர வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள்; கட்டாமல் தாண்டிப் போகிற வழி அந்தப் பக்கத்திலேயே எங்கேனும் சிறிய எழுத்தில் இருக்கும். பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளையைப் பிரித்துப் போட்டிருந்தால், கவுண்டரில் 2024 ஏப்ரல் உத்தரவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, தயவு அன்று. கேட்டும் கிடைக்காவிட்டால் போர்டிங் பாஸ்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு, மத்திய அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் எழுதுங்கள்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுவது நம் இயல்பு. மறக்காமல் எழுதுங்கள், எழுதப்படாத குறை எந்த இலாகாவின் கணக்கிலும் ஏறுவதில்லை.